சுதேசி இயங்குதளம்: கேள்வி கேட்பது குற்றமா?

திருச்சானூரில் பத்மாவதி தாயாரைத் தரிசித்துவிட்டு ரேணிகுண்டா பக்கம் செல்லும் தமிழகப் பக்தர்கள், கடந்த பத்தாண்டுகளில் அந்த வட்டாரத்தின் முகம் மாறிவிட்டதைக் கவனித்திருப்பார்கள். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள நிலங்களில் மின்னணுப் பொருள் உற்பத்திக் கூடங்கள் எழுந்துள்ளன. செல்கான் நிறுவனம் தனது செல்லிடப்பேசித் தொழிற்சாலையை 2017-இல் இங்குதான் தொடங்கியது. தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில், ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவான ஷியோமியின் முதல் இந்தியத் தயாரிப்பான 'ரெட்மி 2 பிரைம்' 2015 ஆகஸ்டில் சந்தைக்கு வந்தது. ஸ்ரீசிட்டி இப்போது, 2022 ஏப்ரலில் உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் அடங்கியிருக்கிறது.

அந்தப் பெட்டிகளின் மேல் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று அச்சிடப்பட்டிருந்தது. அது பொய் இல்லை. பாகங்களைப் பொருத்தியவர்கள் நம் நாட்டுத் தொழிலாளர்கள். ஆனால், அந்தப் பேசிக்கு உயிர் கொடுக்கும் இயங்குதளம் கலிபோர்னியாவில் எழுதப்பட்டு, சீனாவில் ஒப்பனை செய்யப்பட்டு, இங்கே கருவியில் ஏற்றப்பட்டது. உடல் இந்தியாவில், உயிர் வெளிநாட்டில் என்பதுதான் இந்தியச் செல்லிடப்பேசிச் சந்தையின் நிலை. நாட்டில் விற்பனையாகும் திறன்பேசிகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் இயங்குபவை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததாக 2023 ஜனவரி 19-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வெளியானது. சென்னை ஐஐடியில் வளர்த்தெடுக்கப்பட்ட ஒரு நிறுவனம் 'பாரோஸ்' என்ற சுதேசி இயங்குதளத்தை உருவாக்கியிருப்பதாகவும், நாட்டின் 100 கோடி செல்லிடப்பேசிப் பயனாளர்களுக்கு அது பயன்படக்கூடும் என்றும் கூறப்பட்டது. முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலிகள் இதில் இருக்காது. நம்பகமானவை என்று சோதிக்கப்பட்ட செயலிகள் தனிக் கடைகள் மூலம் வழங்கப்படும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே வந்து சேரும் என்பவை அதன் சிறப்புகளாகச் சொல்லப்பட்டன. ஐந்து நாள்கள் கழித்து, தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவும் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதானும் அதில் காணொலி அழைப்பு பேசிப் பார்த்தனர். தொலைக்காட்சிகள் அதை ஒரு தேசிய வெற்றியாகவே கொண்டாடின.

ஆனால், கணினித் துறையை அறிந்தவர்கள் கைதட்டவில்லை. ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலே பாரோஸின் அடித்தளம் என்பதை அவர்கள் உடனடியாகச் சுட்டிக்காட்டினர். அப்படியானால் எந்தப் பகுதி இந்தியாவில் எழுதப்பட்டது, எத்தனை பங்கு, மூல நிரலைப் பொதுவெளியில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டனர். இவை எதிரிகளின் கேள்விகளாகத் தெரியவில்லை. பொருளை வாங்கப் போகும் எவரும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம்.

பதில் என்ன வந்தது? இந்தப் பயணத்தில் இடர்கள் வரும், இத்தகைய முயற்சி வெற்றி பெறுவதை விரும்பாதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்ற பொருள்படப் பேசினார் அமைச்சர் வைஷ்ணவ். அப்படிப்பட்டவர்கள் இருக்கலாம், கூகுளுக்குப் போட்டி வருவதைக் கூகுள் விரும்பாது என்பதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால், இந்தப் பேச்சின் விளைவு வேறு. அன்று முதல் சந்தேகம் எழுப்பியவர்கள் அனைவரும் ஒரே கூட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். மூல நிரலைக் கேட்ட பொறியியல் மாணவனும் அன்னிய நிறுவனத்தின் கைக்கூலி ஆக்கப்பட்டான். ஒரு மென்பொருளின் தரம் தேசபக்தியின் அளவுகோலாக மாற்றப்பட்டது. இதுதான் கவலைக்குரியது.

மக்களின் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது. 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற பாரத இயங்குதளத்தை வெளியிட்டது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கணினியை இயக்க வழி செய்த நல்ல முயற்சி. 2010-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, தானே ஒரு புதிய இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தது. அது பொதுமக்களின் மேசைக்கு வந்து சேரவில்லை. 2015-இல் மும்பையிலிருந்து 'இண்டஸ்' வந்தது. மைக்ரோமேக்ஸ் பேசிகளில் இடம்பெற்றது. இந்திய மொழிகளைக் கையாள்வதில் பாராட்டும் பெற்றது. அதுவும் ஆண்ட்ராய்டின் மேல் கட்டப்பட்டதுதான். சீன நிறுவனங்களின் வரவால் இந்தியப் பேசி நிறுவனங்கள் சரிந்தபோது அதுவும் இயங்குதளக் கனவை விட்டுவிட்டுச் செயலிக் கடையாகச் சுருங்கிப்போனது. 2021-இல் ஜியோ நிறுவனத்தின் பேசியில் 'பிரகதி' என்ற பெயரோடு ஓர் இயங்குதளம் வந்தது. பெயர் இந்தியப் பெயர். உள்ளே இருந்தது கூகுளே உடனிருந்து உருவாக்கிய ஆண்ட்ராய்டு.

ஆக, பதினைந்து ஆண்டுகளில் நான்கு பெயர்கள், நான்கு வாக்குறுதிகள். ஐந்தாவது வரும்போது "இதிலாவது என்ன புதிதாக இருக்கிறது?" என்று மக்கள் கேட்பதில் என்ன வியப்பு?

தமிழகத்துக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் விண்டோஸைக் கைவிட்டு லினக்ஸுக்கு மாறும் துணிச்சலான முயற்சியில் இறங்கியது. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் லினக்ஸ் கணினிகள் சென்றன. பின்னர், 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒருசேரப் பதியப்பட்டன. பாஸ் மோசமான மென்பொருள் என்பதால் அது பின்தங்கவில்லை. அச்சுப்பொறி வேலை செய்யாவிட்டால் யாரைக் கேட்பது, பாடப் புத்தகத்திலும் தேர்விலும் அதற்கு இடம் உண்டா, வேலைக்குப் போகும் இடத்தில் அது இருக்குமா என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல ஆளில்லை. அண்டை மாநிலமான கேரளம், பள்ளிப் பாடத்திலும் ஆசிரியர் பயிற்சியிலும் லினக்ஸைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பொறுமையாக உழைத்து அதை நிலைநிறுத்தியது. வெளியீட்டு விழா ஒரு நாள் வேலை. பராமரிப்பு பதினைந்து ஆண்டு வேலை என்பதைத்தான் இந்த இரு மாநிலங்களின் கதை நமக்குச் சொல்கிறது.

சந்தேகம் சுதேசிக்கு மட்டும் உரியது என்று யாரும் எண்ண வேண்டாம். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமும் இதே கேள்விக் கணைகளைச் சந்தித்திருக்கிறது. 2007 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 'விஸ்டா' இயங்குதளத்தைப் பெரும் விளம்பரத்துடன் வெளியிட்டது. அதற்கு முன்பே கடைகளில் இருந்த கணினிகளில் 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்ற வில்லை ஒட்டப்பட்டிருந்தது. வாங்கியவர்கள் ஏற்றிப் பார்த்தபோது, விளம்பரத்தில் கண்ட கண்கவர் வசதிகள் பல கணினிகளில் இயங்கவில்லை. வழக்கு தொடரப்பட்டது. 2008-இல் நீதிமன்றத்தின் மூலம் வெளிவந்த உள் கடிதங்களில், வில்லைக்கான தகுதி அளவுகோல் தளர்த்தப்பட்டதைப் பற்றி நிறுவன அதிகாரிகளே தங்களுக்குள் குறைபட்டுக்கொண்டிருந்தது உலகுக்குத் தெரியவந்தது. அனைத்து வாங்குநர்களுக்கும் பொதுவான வழக்காக அதை நடத்த அளித்த அனுமதியை நீதிமன்றம் 2009-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது என்பதும் உண்மை. ஆனால், விஸ்டா மீது இழந்த நம்பிக்கையை மட்டும் எந்த விளம்பரத்தாலும் மீட்க முடியவில்லை.

அதே நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 2015-இல் ஒரு மாநாட்டில், விண்டோஸ் 10-தான் கடைசிப் பதிப்பு என்றார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறை செயலியும் இல்லாத கணினிகளை அது முறைப்படி ஏற்பதில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு பொதுவாக முடிவுக்கு வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் ஒரே நாளில் பழையனவாகிவிட்டன. இதன் சுமை அமெரிக்க நிறுவனத்தை விடத் திருப்பதியிலும் வேலூரிலும் உள்ள சிறு அச்சகங்கள், பள்ளிகள், கணக்கர் அலுவலகங்கள் மீதுதான் அதிகம் விழுகிறது. அன்னியனை நம்பியிருப்பதன் விலை இது. ஆகவே, சொந்த இயங்குதளம் தேவை என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

நியாயமான தேவைக்கு நியாயமான வழியில் விடை தேட வேண்டும் என்பதே நமது வாதம். இதில் சீனாவின் இரண்டு அனுபவங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2018 ஆகஸ்டில் 'ரெட்கோர்' என்ற இணைய உலவியை முழுச் சுதேசிப் படைப்பு என்று ஒரு சீன நிறுவனம் விளம்பரப்படுத்தியது. கூகுளின் குரோம் கோப்புகளே அதனுள் இருப்பதைப் பயனாளர்கள் கண்டுபிடித்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. மற்றொன்று ஹுவாவெய். 2019-இல் அமெரிக்கத் தடைக்கு ஆளான அந்த நிறுவனம் 'ஹார்மனி' இயங்குதளத்தை அறிவித்தபோதும், 2021-இல் அது பேசிகளுக்கு வந்தபோதும், உள்ளே ஆண்ட்ராய்டு நிரல் இருக்கிறதே என்று கேலி பேசப்பட்டது. ஆனால் நிறுவனம் விடாது உழைத்து, ஆண்ட்ராய்டுச் செயலிகளைச் சாராத பதிப்பை 2024-இல் வெளியிட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளும் பெரும் பொருட்செலவும் ஆயிரக்கணக்கான பொறியாளர்களின் உழைப்பும் தேவைப்பட்டன. ஒரு செய்தியாளர் கூட்டத்தில் பிறந்துவிடும் பிள்ளை அல்ல இயங்குதளம்.

பிறர் கட்டிய அடித்தளத்தின் மேல் கட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டே 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் மேல் நிற்கிறது. ஆப்பிள் கணினிகளின் இயங்குதளம் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த நிரலுக்குக் கடன்பட்டிருக்கிறது. கடன் வாங்கியதைச் சொல்லிவிட்டு, அதன்மேல் தான் சேர்த்தது என்ன என்று காட்டுபவனை உலகம் மதிக்கிறது. அதைச் சொல்லாமல் 'சுதேசி' என்ற ஒற்றைச் சொல்லால் மூடும்போதுதான் சந்தேகம் முளைக்கிறது.

இதற்கு வெளிநாட்டில் முன்னுதாரணம் தேட வேண்டியதில்லை. அதே சென்னை ஐஐடியில், இன்றைய இயக்குநர் காமகோடி முன்னின்று நடத்திய குழு 'சக்தி' என்ற நுண்செயலியை உருவாக்கியது. 2018-இல் அதன் சில்லுகள் உருவாகி இயங்கின. அவற்றில் ஒன்று சண்டீகரில் உள்ள அரசு ஆலையிலேயே வார்க்கப்பட்டது. பெர்க்லியில் பிறந்த திறந்த தரமான 'ரிஸ்க்-ஃபைவ்' அதற்கு அடிப்படை என்பதை அந்தக் குழு மறைக்கவில்லை. வடிவமைப்பின் மூல நிரலையும் எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. சக்தியைப் பார்த்து 'இது உண்மையிலேயே சுதேசியா?' என்று இயங்குதளத்துக்கு எழுந்த அளவில் ஏளனம் எழவில்லை. காரணம் எளிது: சந்தேகப்பட்டவன் திறந்து பார்த்துக்கொள்ள முடிந்தது. அந்த நிறுவனத்தின் நற்பெயர் இப்படித்தான் ஈட்டப்பட்டது. அதை ஒரு விளம்பரச் சொல்லுக்காகச் செலவழிக்கக் கூடாது.

திருமலை லட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு யாரும் தம் இனிப்புக்குச் சூட்டிக்கொள்ள முடியாது. லட்டுக்கு எவ்வளவு கடலை மாவு, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு நெய் என்ற அளவுப் பட்டியலைத் தேவஸ்தானத்தில் 'திட்டம்' என்றே அழைக்கிறார்கள். 2024-இல் நெய்யின் தரம் குறித்துக் கேள்வி எழுந்தபோது, உச்ச நீதிமன்றம் சிபிஐ இயக்குநரின் மேற்பார்வையில் சிறப்பு விசாரணைக் குழுவை அமைக்க உத்தரவிட்டது. கோடிக்கணக்கானோர் வணங்கி வாங்கும் பிரசாதத்தின் உட்பொருளையே சோதித்துப் பார்க்கலாம் என்றால், செல்லிடப்பேசிக்குள் இருக்கும் மென்பொருளைச் சோதிக்கக் கேட்பது எப்படிக் குற்றமாகும்?

மென்பொருளுக்கும் இத்தகைய 'திட்டம்' உண்டு. எந்தெந்தக் கூறுகள், எங்கிருந்து, எந்தப் பதிப்பில் எடுக்கப்பட்டன என்று பட்டியலிடும் முறை அது. மத்திய அரசின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், இத்தகைய மென்பொருள் உட்கூறுப் பட்டியலுக்கான வழிகாட்டு நெறிகளை 2024 அக்டோபரிலேயே வெளியிட்டிருக்கிறது. அரசுத் துறைகள் வாங்கும் மென்பொருளுக்கு அந்தப் பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். அரசின் ஒரு கை எழுதிய நெறியை மறு கை கடைப்பிடித்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அரசுக் கொள்முதலில் உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் 2017-ஆம் ஆண்டு ஆணை, பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உள்நாட்டு மதிப்பு உள்ளவரை முதல் வகை உள்ளூர் வழங்குநராகக் கருதுகிறது. மொத்த மதிப்பிலிருந்து இறக்குமதி மதிப்பைக் கழித்து இந்த விழுக்காடு கணக்கிடப்படுகிறது. இலவசமாகக் கிடைக்கும் அன்னிய மூல நிரலுக்கு இறக்குமதி மதிப்பு ஏது? முழுவதையும் பதிவிறக்கி, முகப்பை மட்டும் மாற்றினாலும் கணக்கில் அது நூற்றுக்கு நூறு சுதேசியாகிவிடக்கூடும். இரும்புக்கும் எந்திரத்துக்கும் பொருந்துகிற அளவுகோல் மென்பொருளுக்குப் பொருந்தாது. அரசு வாங்கும் இயங்குதளத்துக்கு மக்கள் வரிப்பணம்தான் செலவாகிறது என்பதால் இது வெறும் இலக்கணச் சண்டை ஆகாது.

நுகர்வோரைக் காக்கவும் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மத்திய ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். 2022 ஜூன் மாதம் வெளியான நெறிமுறைகள், விளம்பரத்தில் சொல்லும் கூற்றை மெய்ப்பிக்கும் ஆதாரம் இருக்க வேண்டும் என்கின்றன. முகம் வெளுக்கும் களிம்புக்கும் மதிப்பெண் தரும் பயிற்சி நிலையத்துக்கும் பொருந்தும் இந்த விதி, 'மிகப் பாதுகாப்பான இயங்குதளம்' என்ற கூற்றுக்கு மட்டும் ஏன் பொருந்தக் கூடாது?

பாதுகாப்பு என்பது ஒருமுறை பூட்டிவிட்டுப் போகிற கதவு இல்லை. ஆண்ட்ராய்டில் கண்டறியப்படும் ஓட்டைகளை 2015 முதல் கூகுள் ஒழுங்காக அறிவித்து வருகிறது. அதன் நிரலை அடிப்படையாகக் கொண்டவர்கள் அத்தனையையும் உடனுக்குடன் அடைத்தாக வேண்டும். 2025 மார்ச்சில், ஆண்ட்ராய்டு மேம்பாட்டுப் பணிகளை முழுவதும் தனது உள் அரங்கிலேயே செய்து, முடிந்த பிறகே மூல நிரலை வெளியிடப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அதாவது, நமது 'சுதேசி' இயங்குதளத்தின் அடித்தளம் எப்போது, எந்த வடிவில் கிடைக்கும் என்பதை இன்றும் கலிபோர்னியாதான் தீர்மானிக்கிறது. பல வங்கிச் செயலிகள், கருவி கூகுளின் சான்று பெற்றதா என்று சோதித்த பிறகே இயங்குகின்றன. திருமலைத் தரிசன டிக்கெட் முதல் ரேஷன் கடை வரை எல்லாமே செல்லிடப்பேசி வழியாகிவிட்ட காலத்தில், பணம் செலுத்தும் செயலி இயங்காத பேசியைச் சாதாரண மனிதன் என்ன செய்வான்?

உண்மையான விடுதலைக்கான வழி வேறு திசையில் தென்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. பாரோஸ் அறிவிக்கப்பட்ட அதே 2023 ஜனவரி 19 அன்று, அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. சில நாள்களில் கூகுள் தனது உரிம விதிகள் சிலவற்றை இந்தியாவுக்காக மாற்றிக்கொள்வதாக அறிவித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆண்டு மார்ச்சில் அபராதத்தை உறுதி செய்தாலும், நான்கு கட்டளைகளை நீக்கிவிட்டது. கூகுள் இல்லாத பேசியை ஒரு தயாரிப்பாளர் அச்சமின்றி விற்க முடிந்தால்தான் எந்தச் சுதேசி இயங்குதளமும் பிழைக்கும். அந்தப் போராட்டத்துக்குக் கிடைத்த வெளிச்சம், காணொலி அழைப்புக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மத்திய அரசு செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சுதேசி மென்பொருள் என்றால் என்ன என்பதற்குத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் விளக்கம் தர வேண்டும். எந்த இயங்குதளத்தையும் அரசு வாங்குமுன் அதன் உட்கூறுப் பட்டியலையும், சார்பற்ற தணிக்கை அறிக்கையையும், எத்தனை ஆண்டு பராமரிப்பு என்ற உறுதிமொழியையும் பெற வேண்டும். பொதுப் பணத்தில் எழுதப்படும் நிரல், நாட்டின் பாதுகாப்பு தொடர்பானது நீங்கலாக, பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். இதுவரை அறிவிக்கப்பட்ட இயங்குதளங்களுக்குச் செலவானது எவ்வளவு, இன்று எத்தனை கருவிகளில் அவை இயங்குகின்றன என்ற கணக்கை நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டுப் பெற வேண்டும். அமைச்சர்கள் காணொலி அழைப்பு பேசிப் பார்ப்பது அதன் பிறகு நடக்கட்டும்.

திருப்பதியிலும் சென்னையிலும் இரு ஐஐடிகள் இருக்கின்றன. அவற்றில் படிக்கும் மாணவர்களிடம் இயங்குதளம் எழுதும் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் நாளை உண்மையிலேயே புதிய ஒன்றைப் படைத்து மக்கள் முன் வைக்கும்போது, "இதுவும் பழைய கதைதானே" என்று நாடு முகம் திருப்பிக்கொண்டால், அந்தப் பழி கேள்வி கேட்டவர்களைச் சேராது. பதில் சொல்ல மறுத்தவர்களையே சேரும்.